கயிற்றுப் பங்கு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைவிட என் அண்ணனின் கையைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வந்தவர்களில் மூத்தவர் என்னிடம், "என்ன படிச்சிருக்க தாயி?" என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார். நான் அக்கவுண்டன்சி லோயர் பரீட்சை பாஸ் என்று சொல்லி முடிக்கும் முன்பே அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரிக்கச் சொன்னார். காய்ப்பு எங்கெங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "சரி, நாள் பாத்துருவோம்" என்றார்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அது வழக்கம். கடலில் மூச்சடக்கி முங்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனை வள்ளத்தில் நிற்பவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்து எடுக்க வேண்டும். அந்தக் கயிற்றை முங்குகிறவரின் பெண்டாட்டியோடு உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்த தம்பிக்குக்கூட என்றாவது சொத்து ஆசை வரலாம், தங்கச்சி தாலி அறுவதை எந்த அண்ணன் விரும்புவான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அதற்குமேலும் ஒன்று உண்டு. முங்கினவர் மேலே வராமல் போய்விட்டால், கயிறு பிடித்தவன் தங்கச்சியையும் அவள் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கடைசிவரை சோறு போட வேண்டும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் கல்யாணமாகி வந்தபோது முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுநாளாகியிருந்தது. சங்கு குளிப்பு வருஷத்தில் சில மாதம்தான். என் வீட்டுக்காரரும் அண்ணனும் மற்ற மாதங்களில் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். தோணிக்காரர்கள் தொலைத்த நங்கூரத்தைத் தேடி எடுப்பது, விசைப்படகின் அடியில் சுழலும் காற்றாடியில் கயிறு சுற்றிக்கொண்டால் அறுத்துவிடுவது, அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடக்கும் வேலை. எல்லாம் மூச்சுப்பிடித்துச் செய்யும் வேலை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அந்த வாரத்துப் பணத்தைப் பிரிப்பார்கள். எண்ணெய், கயிறு, டீ, பரோட்டா எல்லாவற்றையும் கழித்து மிச்சத்தை மூன்று கூறாக வைப்பார்கள். முங்கினவருக்கு ஒரு கூறு. கயிறு பிடித்தவருக்கு ஒரு கூறு. வள்ளத்துக்கு ஒரு கூறு. மூன்றும் சரிசமம். வள்ளத்தின் பங்கு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். பலகை மாற்ற, துடுப்பு வாங்க, மாதா கோயில் திருநாளுக்கு வரி கொடுக்க அந்த டப்பாவிலிருந்துதான் எடுப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்தில் செய்த வள்ளத்துக்கு மனுஷனுக்குச் சமமான பங்கு, கணக்கு எழுதுகிற எனக்கு ஒரு கூறும் கிடையாது.

ஆமாம், கணக்கு நான்தான் எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. படித்த படிப்பு துருப்பிடிக்கிறதே என்ற ஆதங்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்தது தெரியும், போனது தெரியும், அப்புறம் எதுக்குளா எழுதுத?" என்றார். நான் அடுத்த வரியை எழுதினேன்.

புதுத் துறைமுகத்தில் கப்பல் வர ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆன சமயத்தில் தலைக்குமேல் கத்தி வந்தது. எங்களுக்கு முக்கால்வாசி வேலை கொடுத்துவந்த ஏஜென்ட் ஆபீஸில், அடுத்த சீசனிலிருந்து காற்று அடிக்கும் கம்ப்ரசர் மிஷின் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். குழாய் வழியாகக் காற்றை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் கீழேயே நின்று வேலை பார்க்கிற ஆட்கள் சென்னையிலிருந்து வந்துவிட்டார்களாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மேலே வருகிறவரை யார் கூப்பிடுவார்கள்?

வேலை போவதைவிட எனக்கு வேறு பயம் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு வலது காது கேட்காமல் போயிருந்தது. இரவில் நான் சொல்வது விழ வேண்டுமென்றால் இடது பக்கம் படுக்க வேண்டும். ஆழமாக முங்கி வந்த நாட்களில் தலையணையில் ரத்தச் சொட்டு இருக்கும். கேட்டால் மூக்குச் சளி என்பார். மிஷின் வந்தால் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்க வேண்டியதில்லை. அந்த மிஷின் எனக்கு வேண்டும். அதற்கு வங்கியில் கடன் வேண்டும்.

வங்கியில் கடன் பகுதியைப் பார்த்த அதிகாரி ஸ்ரீவைகுண்டத்துக்காரர். நெற்றியில் நாமம், மேஜைமேல் தயிர்சாத டப்பா, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். "ரெண்டு வருஷத்து லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் எழுதிண்டு வாங்கோம்மா. இதை ஒரு தொழில்னு நான் மேலிடத்துக்குக் காட்டணும் இல்லையா?" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. லோயரில் முதல் வகுப்பு. இதுகூடத் தெரியாதா என்று வீட்டுக்கு வந்து பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் புத்தகம் முழுவதும் ஒரு துணி வியாபாரிதான் இருக்கிறார். அவர் சரக்கு வாங்குவார், வண்டிக்கூலி கொடுப்பார், விற்பார், வருஷக் கடைசியில் மிச்சச் சரக்கை எண்ணுவார். என் கணக்கில் ஆரம்பச் சரக்கு என்ற வரிக்கு எதிரே என்ன எழுத? கடைசிச் சரக்கு? எங்களிடம் சரக்கே கிடையாது. ஒருவர் மூச்சை அடக்குகிறார், அதற்குக் காசு கொடுக்கிறார்கள். அந்த மூச்சில் வருஷக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணுவது எப்படி?

சரி, சரக்கு வரியை விட்டுவிட்டு வரவை எழுதலாம் என்றால் அதிலும் குழப்பம். ஏஜென்ட் ஆபீஸில் மார்ச் மாதம் செய்த வேலைக்கு ஆகஸ்டில் பணம் வந்திருக்கிறது. அது எந்த வருஷத்து வரவு? வேலை செய்த வருஷத்தில் என்றது புத்தகம். பணம் வந்தால்தானே வரவு என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு இரண்டும் சரியாகவே பட்டது. மாலத்தீவுத் தோணிக்காரர் ஒருவர் நங்கூரம் எடுத்துக் கொடுத்ததற்குக் காசுக்குப் பதில் ஒரு சாக்கு மாசிக் கருவாடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பாதியை நாங்கள் தின்றுவிட்டோம், கால்வாசியைத் தெருவுக்குக் கொடுத்தோம், மிச்சத்தை விற்றோம். நான் மூன்று நாள் யோசித்துவிட்டு, கடைசியில் அந்தச் சாக்கையே கணக்கிலிருந்து தூக்கிவிட்டேன். முதல் வகுப்பில் பாஸ் செய்தவள் செய்கிற காரியமா அது?

அப்புறம் தேய்மானம். வள்ளத்தின் மதிப்பில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழிக்க வேண்டும். அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கன தேஞ்சிருக்கு? வந்து காட்டு. போன மாசம்தான ரெண்டு பலகை மாத்துனோம்?"

"தேஞ்ச மாதிரி எழுதணுமாம். சட்டம்."

"நல்லா இருக்க வள்ளத்த தேஞ்சதுன்னு எழுதச் சொல்லுதான், ரத்தம் வார காத எங்கயாவது எழுதச் சொல்லுதானா?"

எழுதச் சொல்லவில்லைதான். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். காதுக்குத் தேய்மானம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒருவழியாக எழுதி முடித்து வங்கிக்குப் போனேன். அதிகாரி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல லாபமே இல்லையேம்மா."

"இல்லாம என்ன சார்? ரெண்டு வீடும் அதுலதான் சாப்பிடுதோம்."

"சாப்பிடறது சரி. ஆனா வந்தது எல்லாத்தையும் மூணு பங்காப் பிரிச்சு மூணையும் செலவுன்னு போட்டுட்டேள். கடைசியில சைபர். சைபர் லாபம் பண்றவாளுக்கு நான் எப்படிக் கடன் கொடுப்பேன்?"

நான் பார்த்த அந்த மூன்று குவியலில் லாபம் எது, செலவு எது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதிகாரி என் படிவத்தை எடுத்துக் காட்டினார். தொழிலின் உரிமையாளர் என்ற இடத்தில் நான்தான் என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். வள்ளத்தின் காகிதம் அவர் பெயரில் இருந்தது, அதனால் எழுதினேன். வேறெதையும் நினைத்து எழுதவில்லை.

"உரிமையாளர் ஒருத்தர்னா, அவர் எடுத்துக்கற பங்கு செலவு இல்லை. அது அவரோட லாபம். வள்ளத்துக்குன்னு எடுத்து வைக்கறதும் அவரோட லாபம்தான். கயிறு பிடிக்கறவர் மட்டும்தான் வெளி ஆள். அவருக்குக் கொடுக்கறது கூலி. அப்படிப் போடுங்கோ. லாபம் தானா வந்து நிக்கும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். செலவுப் பக்கத்தில் 'கூலி' என்று ஒரு வரி, அதற்கு எதிரே இரண்டு வருஷத்தில் அண்ணன் வாங்கிய மொத்தப் பணம். அவ்வளவுதான். மற்ற இரண்டு பங்கும் செலவிலிருந்து எழுந்து லாபத்துக்குப் போய்விட்டன. ஒரு பைசா கூடவில்லை, ஒரு பைசா குறையவில்லை. சைபராக இருந்த தொழில் நல்ல லாபத் தொழிலாக ஆகிவிட்டது. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அரைக்கிலோ மக்ரூன் வாங்கி வந்தேன், அண்ணன் வீட்டுக்கும் சேர்த்து.

அடுத்த வாரம் அதிகாரி வள்ளத்தை நேரில் பார்க்க வந்தார். கடன் கொடுக்கும் முன் பார்த்தாக வேண்டுமாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார், என் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் ஒரு ஓரமாக நின்று நனைந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டார்:

"நீங்கதானே இவர்கிட்ட கூலிக்குக் கயிறு பிடிக்கறவர்?"

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"ஆரு சொன்னா?" என்றார் அண்ணன்.

"கணக்குல இருக்கே."

அண்ணன் கயிற்றைச் சுற்றி முடித்து, எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான் முழுதாகப் புரியவில்லை. கோபத்தில் போகிறார், சாயங்காலம் வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சனிக்கிழமை பாய் விரிக்கவில்லை. மதினியிடம் ஆள் விட்டுக் கேட்டதற்கு, "கூலிக்கு ஆளா இல்ல ஊருல? வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்று அண்ணன் சொன்னதாகச் செய்தி வந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. எழுதினது ஒரு வார்த்தை. பணம் அதே பணம். ஒரு தாளில், அதுவும் வங்கிக்காரர் பார்க்கிற தாளில் என்ன இருந்தால் என்ன? இப்படியெல்லாம் நான் என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் என் பக்கமும் பேசவில்லை, அண்ணன் பக்கமும் பேசவில்லை.

"ஒனக்குத் தெரியாதுளா" என்று மட்டும் சொன்னார்.

பத்தாம் நாள் ஒரு விசைப்படகுக்காரர் அவசரமாக வந்தார். காற்றாடியில் வலை சுற்றிப் படகு துறைமுக வாசலில் நிற்கிறது, உடனே வர வேண்டும். என் வீட்டுக்காரர் கொஞ்சநேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஓர் ஆளைக் கூலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல ஆள், பலசாலி, குடிப்பழக்கம்கூட இல்லாதவன். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. கணக்குப்படி அதுவும் கூலி, இதுவும் கூலி.

மத்தியானம் வந்தார். இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சு. நல்ல காதிலும் பஞ்சு. சட்டையின் முன்பக்கம் கழுவியும் போகாத கறை. நான் அலறிவிட்டேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கையால் என்னை அமர்த்தினார். நான் பேசினால் கேட்கவில்லை. அவர் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்.

"அந்தப் பயல ஒண்ணும் சொல்லக் கூடாது. சுண்டுனேன், இழுத்தான். சுண்டுன ஒடனே இழுத்தான்."

பிறகு என்னதான் ஆயிற்று என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

"மச்சான் நான் சுண்டுத வரைக்கும் இருக்க மாட்டாரு. அதுக்கு முன்னாலயே இழுத்துருவாரு. எத்தன வருசமோ, நான் சுண்டுனதே இல்ல. அது மறந்துபோச்சு எனக்கு. இழுப்பாரு இழுப்பாருன்னு கீழயே நின்னுட்டேன்."

கூலிக்கு வந்தவன் சொன்னதைச் செய்தான், சொன்ன நிமிஷத்தில் செய்தான். கூலி என்றால் அதுதான். அண்ணன் சொல்லும் முன்பே செய்ததற்குப் பெயர் என்ன, அதைத் தாளில் எந்த வரியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல்தான் நான் அவரை அந்த வரியில் போட்டேன். அழுதேன். அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்; காதும் கேட்காததால் நான் அழுவது அவருக்குத் தெரியவில்லை என்பதே ஒரு தனி அழுகையாக இருந்தது.

டாக்டர் நல்ல காது மூன்று வாரத்தில் தேறிவிடும், இன்னொரு முறை இப்படி நடந்தால் தேறாது என்றார். இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நான் வீட்டைவிட்டு நகர்ந்தேன். நேரே வங்கிக்குப் போனேன். அந்தக் கணக்குத் தப்பு, திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"கணக்கு சரியாத்தானேம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"கூட்டல் சரி சார். கணக்கு தப்பு."

நடந்ததைச் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். தயிர்சாத டப்பாவை ஓரமாக நகர்த்தி வைத்தார். "நீங்க இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. நீங்க ஒருத்தர் பேரை எழுதினேள், நான் ஒருத்தர்னு நினைச்சேன். இது ரெண்டு பேர் கூட்டு. கூட்டுன்னு எழுதினா அவர் பங்கும் கூலி இல்லை, லாபம்தான்."

"அப்போ லாபம் இன்னும் கூடுமா?"

"கூடும்."

"பணம் அதேதானே சார்? மொதல்ல லாபமே இல்லன்னீங்க. அப்புறம் இவ்வளவுன்னீங்க. இப்ப இன்னும் கூடுதுங்கீங்க. இதுல எது உண்மை?"

"மூணும் உண்மைதான்மா. யாரை உள்ள வெச்சுப் பார்க்கறோம், யாரை வெளியில வெச்சுப் பார்க்கறோம்கறதுதான் வித்தியாசம்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான் இரண்டு வருஷம் படித்த படிப்பு முழுவதும் இருப்பதாகத் தோன்றியது. புரிந்ததா என்றால், பாதி புரிந்தது.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் காப்பி கொடுத்தாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சும்மா இருந்தார். கை சும்மா இருக்கும் அண்ணனை நான் பார்த்ததே இல்லை.

"மாப்ளைக்குக் காது எப்பிடி இருக்கு?" என்று அவரே ஆரம்பித்தார்.

"கேக்கு. கொஞ்சம் கொஞ்சம்."

"நான் போயிருக்கணும்."

"நான் எழுதியிருக்கக் கூடாது."

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது. கூட்டு என்று எழுதப்போவதையும், அதற்கு அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சொன்னேன். "எழுதாம இருந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு" என்றார். சொல்லிக்கொண்டே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மூன்று பேரும் அதிகாரியின் மேஜைமுன் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் நல்ல காதை மேஜைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதிகாரி அண்ணனிடம் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டா இந்தக் கடன் உங்களையும் சேரும். பாதி இல்லை, முழுக் கடனும். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா நீங்க ஒருத்தரே முழுசும் கட்டணும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? இப்பவும் அப்படித்தான" என்றார் அண்ணன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அடுத்த வரிக்குப் போனார்.

"ரெண்டு பேரும் தொழில்ல போட்ட முதல் எவ்வளவுன்னு எழுதணும். அவரோடது வள்ளம். நீங்க என்ன முதல் போட்டிருக்கேள்?"

அண்ணனிடம் காசு கிடையாது, வள்ளம் கிடையாது. கயிறுகூடப் பொதுச் செலவில் வாங்கினதுதான். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னைக் கையால் காட்டினார்.

"எந் தங்கச்சியக் குடுத்திருக்கேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு முகம் எரிந்தது. லோயர் பாஸ் செய்தவள், இரண்டு வருஷக் கணக்கைத் தனியாக எழுதியவள், கடைசியில் நான் அந்தக் கணக்கில் ஒரு வரி. வள்ளத்தோடு வள்ளமாக.

"அதுக்கு ரூபாயில ஒரு மதிப்புப் போட வேண்டியிருக்குமே" என்றார் அதிகாரி, மெதுவாக.

"வள்ளத்துல பாதிய மச்சான் பேருல எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் எழுதினேன். கூட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே தொகையாக வந்தது. முதல் கூட்டலிலேயே வந்தது. நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினேன்.

அதிகாரி கடைசியாக ஒன்று சொன்னார்: "தொழில் என்னிக்காவது கலைஞ்சுதுன்னா அவரவர் போட்ட முதல் அவரவருக்குத் திரும்பிடும். அதுவும் இதுல எழுதியிருக்கு." அண்ணன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுக்கப் போனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னண்ணே, அந்த மனுசன் முன்னால என்னைய வெலை பேசிட்ட?"

"வெலைக்கு எங்க குடுத்தேன்ளா? முதலுன்னுதான சொன்னேன்." அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். இத்தனை நாள் சும்மா இருந்ததில் காய்ப்பு உரிய ஆரம்பித்திருந்தது. "அவரு சொன்னதக் கேட்டியா? தொழில் கலைஞ்சா முதல் திரும்பி வந்துருமாம். நீ எவ்வளவு நாள் வேணும்னாலும் எங்க வீட்டுல இருக்கலாம், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நீ அப்பிடித் திரும்பி வந்துரக் கூடாதுன்னுதான் நான் கயிறு பிடிக்கேன்."

சைக்கிள் வந்துவிட்டது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.